ஒரே சாலை, இரண்டு சட்டம்

ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. சிட்னி நகரத்துக்கு மேற்கே சுமார் 200 கிலோ மீட்டர் தூரம். ஊரை ஒட்டி ஒரு மலை. பெயர், மவுண்ட் பனோரமா. அந்த மலை மீது ஏறி இறங்கும் சாலை ஒன்று உண்டு. ஒரு சுற்று வந்தால் 6 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம்.

வருஷத்தில் பெரும்பாலான நாட்களில் அது சாதாரணச் சாலை. ஓரத்தில் வீடுகள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஜனங்கள் காரில் போகிறார்கள். காலாற நடந்தும் போகிறார்கள். இரண்டு திசையிலும் வண்டி வரும். வேக வரம்பு மணிக்கு 60 கிலோ மீட்டர். மீறினால் போலீஸ் பிடிக்கும். அபராதம் விழும்.

அக்டோபர் மாதம் வந்தால் காட்சி மாறும். அதே சாலையில் 1,000 கிலோ மீட்டர் கார்ப் பந்தயம்! மலை இறக்கத்து நேர்பாதையில் கார்கள் மணிக்கு 250 கிலோ மீட்டரைத் தாண்டிப் பறக்கும். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார். பிடிக்க மாட்டார்!

அதே தார்தான். அதே வளைவுதான். பிறகு எது மாறியது?

எதிரே வண்டி வராது என்பது உறுதியாயிற்று. குழந்தை குறுக்கே ஓடி வராது என்பது உறுதியாயிற்று. ஓரத்தில் தடுப்புச் சுவர் நிற்கிறது. வளைவுக்கு வளைவு கொடிக்காரர் நிற்கிறார். டாக்டரும் ஆம்புலன்ஸும் தயார். ஓட்டுகிறவன் தலையில் கவசம். உடம்பைச் சுற்றி இரும்புக் கூண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஓட்டுகிற ஒவ்வொருவனும் ஆபத்து இன்னதென்று தெரிந்து, சம்மதித்து வந்தவன்.

சாலை ஒன்று, சட்டம் இரண்டு. வேகமான காரை வாங்கி, அதை இன்னும் வேகமாக்கப் பட்டறைக்குப் போகும் வாலிபர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். "பந்தயத்துக்கும் ஆகும், தெருவுக்கும் ஆகும்" என்று ஒரே காரைத் தயார் செய்ய ஆசைப்படுகிறார்கள். ஆசை தப்பில்லை. ஆனால் அதில் உள்ள கணக்கு பலருக்குத் தெரிவதில்லை.

"காட்ஸில்லா" வந்த கதை

அந்தக் கணக்கைச் சொல்ல ஒரு கார் போதும். ஜப்பானின் நிஸான் கம்பெனி 1989இல் விற்பனைக்கு விட்ட "ஸ்கைலைன் ஜி.டி.ஆர்." என்ற கார் அது. உலகம் முழுவதும் பட்டறைக்காரர்கள் இந்தக் காரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதன் பலமும் பலவீனமும் எல்லோருக்கும் அத்துப்படி.

பார்வைக்கு அது இரண்டு கதவு வைத்த வீட்டுக் கார்தான். ஆனால் பந்தயத்தை மனத்தில் வைத்தே அதைச் செய்தார்கள். அதன் எஞ்சின் அளவே அதற்குச் சாட்சி. 2,568 கன சென்டி மீட்டர்! ஏன் இந்த விசித்திர எண்?

அந்நாளில் "குரூப் ஏ" என்ற பந்தய விதி இருந்தது. கடைகளில் விற்கும் கார்களைக் கொண்டே பந்தயம் ஓட வேண்டும் என்பது அதன் அடிப்படை. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் "டர்போ" என்ற கருவி இருந்தால், எஞ்சின் அளவை 1.7 ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டும். 2,568ஐ அப்படிப் பெருக்கினால் 4,365 வரும். 4,500க்கு உட்பட்ட வகுப்பில் சரியாக அடங்கிவிடும். அந்த வகுப்பில் எவ்வளவு அகல டயர் போடலாம், கார் எவ்வளவு கனம் இருக்கலாம் என்றெல்லாம் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போட்டு வந்த எண் அது.

ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. கனத்த வார்ப்பிரும்பு உடம்பு. சாதாரண நாளில் பின்சக்கரங்கள் காரைத் தள்ளும். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கினால், சக்தியில் பாதி வரைக்கும் முன்சக்கரத்துக்குத் தானே போகும். 1990 முதல் 1993 வரை ஜப்பானில் நடந்த குரூப் ஏ பந்தயங்கள் 29. இருபத்தொன்பதிலும் ஜெயித்தது இந்தக் கார்தான்! ஆஸ்திரேலியப் பத்திரிகைக்காரர்கள் அதற்கு "காட்ஸில்லா" என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய சினிமாவில் ஊரை மிதித்து நாசமாக்கும் ராட்சச மிருகத்தின் பெயர் அது.

280 என்ற பூட்டு

பந்தயத்தில் ஓடிய ஜி.டி.ஆர். கார்களின் சக்தி 500 குதிரையைத் தாண்டியது. கடையில் விற்ற காருக்கு எவ்வளவு? காகிதத்தில் 280!

இதற்கும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானில் சாலை விபத்துச் சாவு 1970இல் 16 ஆயிரத்தைத் தாண்டியது. அரும்பாடு பட்டுக் குறைத்தார்கள். ஆனால் 1988இல் அது மறுபடியும் 10 ஆயிரத்துக்கு மேல் ஏறிவிட்டது. நாடு கவலைப்பட்டது. கார்க் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. எந்தக் காரும் 280 குதிரைச் சக்திக்கு மேல் போகாது என்று சொன்னார்கள். மணிக்கு 180 கிலோ மீட்டருக்கு மேல் ஓடாதபடி காரிலேயே பூட்டுப் போட்டார்கள்.

280 ஒப்பந்தம் 2004 வரை இருந்தது. பலன் என்ன?

விளம்பரத் தாளில் 280 என்று அச்சடித்தார்கள். எஞ்சின் மட்டும் அதற்கு மேலும் இழுத்தது! காரை வாங்கியவன் மறுவாரமே பட்டறைக்குப் போய்ப் பூட்டைக் கழற்றினான். பூட்டு காரில் இருந்தது. சாவி கடைவீதியில் விற்றது.

ஆனாலும் சாவு குறைந்தது. 2020இல் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3 ஆயிரத்துக்கும் குறைவு. குறைத்தது எது? இருக்கை பெல்ட், குடித்துவிட்டு ஓட்டினால் கடுந்தண்டனை, மோதினாலும் ஆளைக் காக்கும் கார் உடம்பு, காயம் பட்டவனை உடனே தூக்கிச் சென்று காப்பாற்றும் வைத்திய வசதி ஆகியவை பெரும் பங்கு வகித்தன. எஞ்சினுக்குப் போட்ட காகித வரம்பை இவற்றோடு சேர்த்துப் பேச முடியாது.

ஆகவே "சக்தியே கூடாது" என்பது பேச்சல்ல. அந்தச் சக்தியை எங்கே, எப்படிச் செலவிடுவது என்பதுதான் பேச்சு.

முதல் திருகு

காரைக் கொண்டுபோய் நிறுத்துகிற வாலிபனுக்கு முதலில் வரும் ஆசை, டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவது. இது மலிவான வேலை. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர்க் குழாய்க்குள் கம்பெனிக்காரர்கள் சிறு அடைப்பு ஒன்றை வைத்திருந்தார்கள். அதை எடுத்தாலே அழுத்தம் ஏறும். கார் பாயும். வாலிபன் பல்லைக் காட்டிச் சிரிப்பான்.

ஆனால் எஞ்சின் சிரிக்காது. டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தோடு பிணைந்த இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும். அதிகக் காற்றோடு அதிகப் பெட்ரோலும் சேர்ந்தால் அதிகச் சக்தி. காற்று மட்டும் ஏறி, பெட்ரோல் ஏறாவிட்டால்? எஞ்சினுக்குள் சூடு எல்லை மீறும். தீப்பொறி விழும் முன்பே, அல்லது விழுந்த கையோடு, மிச்சமுள்ள பெட்ரோல் தானாகவே வெடிக்கும். மெக்கானிக்குகள் இதை "எஞ்சின் தட்டுது" என்பார்கள். அந்தத் தட்டு பிஸ்டனில் விழும் சுத்தியடி. சில நிமிஷம் போதும், பிஸ்டன் உடைந்துவிடும்.

எனவே காற்றைக் கூட்டுகிறவன் பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும். பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை மாற்ற வேண்டும். காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டரைப் பெரிதாக்க வேண்டும். எப்போது பொறி விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் விழ வேண்டும் என்று கட்டளையிடும் கம்ப்யூட்டரையும் புதிதாகத் திருத்த வேண்டும்.

இந்தக் காரில் இன்னொரு சங்கடமும் இருந்தது. புகை பட்டுச் சுழலும் டர்போச் சக்கரம் இரும்பல்ல, பீங்கான் வகை! லேசாக இருப்பதால் சட்டென்று சுழலும். தெருவுக்கு அது அருமை. அழுத்தம் கூடினால், அந்தச் சூட்டிலும் சுழற்சியிலும் நொறுங்கிவிடும். கம்பெனியே பந்தயத்துக்காக 1990இல் செய்த விசேஷ ரகத்தில் பீங்கானை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டது.

ஒன்றைக் கூட்டினால் ஒன்பதைத் திருத்த வேண்டியிருக்கிறது! அடைப்பை எடுத்தவனுக்கு இது தெரியாது. தெரிந்த பட்டறைக்காரன் அடைப்பில் கை வைக்க மாட்டான்.

பலவீனமான கண்ணி

சங்கிலியின் பலம் அதன் பலவீனமான கண்ணியில். கார் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை.

இந்த எஞ்சினின் முதல் கார்களில், ஆயில் பம்பைச் சுழற்றும் கிராங்க் முனை குட்டையாக இருந்தது. பம்பைப் பிடித்துக்கொள்ளும் இடம் குறைவு. நிதானமாக ஓட்டுகிறவரைக்கும் தொல்லை இல்லை. எஞ்சினை உச்சச் சுழற்சியிலேயே வைத்து ஓட்டினால், பம்பின் பல் உடையும். பம்ப் நின்றால் ஆயில் இல்லை. ஆயில் இல்லாத எஞ்சின் நொடியில் போய்விடும்.

பந்தயத்தில் இன்னொரு வினோதமும் நடந்தது. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது, ஆயில் எல்லாம் எஞ்சினின் மேல் பாகத்தில் போய்த் தேங்கியது. கீழே இறங்க வழி போதவில்லை. கீழே பம்ப் காற்றைக் குடித்தது! ஆயில் சம்பைப் பெரிதாக்கி, உள்ளே தடுப்புத் தகடு வைத்து, மேலே ஏறும் ஆயிலைக் குறைத்துத்தான் இதைச் சமாளித்தார்கள்.

கெட்டிக்காரப் பட்டறைக்காரர் 600 குதிரை தருகிறேன் என்று ஆரம்பிக்க மாட்டார். "ஆயில் எங்கே போகிறது? சூடு எங்கே போகிறது?" என்று முதலில் பார்ப்பார். குதிரையைப் பிற்பாடு கட்டலாம். கொட்டகை முதலில் நிற்க வேண்டும்.

நிற்கத் தெரிந்தால்தான் ஓடலாம்

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் பிரேக். வேகம் இரண்டு மடங்கானால், காரை நிறுத்தப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு! மணிக்கு 100 கிலோ மீட்டரில் ஓடும் காரை நிறுத்துவது ஒரு வேலை என்றால், 200இல் ஓடும் அதே காரை நிறுத்துவது நாலு வேலை. ஜி.டி.ஆர். காரின் கனம் 1,430 கிலோ. அந்தக் கனத்தின் வேகமெல்லாம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. சுற்றுக்குச் சுற்று இப்படியே நடந்தால் பிரேக் தட்டு பல நூறு டிகிரி கொதிக்கும்.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. கடைகளில் கிடைக்கும் "டாட் 4" ரகத்துக்கு உள்ள விதிப்படி, புது ஆயில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 155 டிகிரி தாங்கினால் போதும் என்பது விதி. ஆயில் கொதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கும். கார் நிற்காது!

இரண்டு வருஷம் மாற்றாத பிரேக் ஆயிலோடு 500 குதிரைக் காரை ஓட்டுகிறவன், கயிறு இற்றுப்போன ஏற்றத்தில் யானையைக் கட்டுகிறவன். கம்பெனிக்கே இது புரிந்தது. 1993இல் வந்த "வி ஸ்பெக்" ரகத்துக்குப் பெரிய சக்கரமும், இத்தாலியின் பிரெம்போ பிரேக்கும் போட்டார்கள். எஞ்சின் சக்தி 280 என்றே இருந்தது. ஏறியது நிறுத்தும் சக்திதான்.

பந்தயப் பொருள் தெருவில்

"அப்படியானால் பந்தயப் பிரேக், பந்தய டயர் எல்லாவற்றையும் தெருக் காருக்கும் போட்டுவிட்டால் தீர்ந்தது!" என்று சிலர் நினைக்கிறார்கள். அதுதான் இல்லை.

பந்தயப் பிரேக் பேட் சூடேறினால்தான் கடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி, முதல் சிவப்பு விளக்கில் மிதித்தால் அது பிடிக்காது. அந்த இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

பந்தய டயரில் பட்டன் கிடையாது, மொட்டை. காய்ந்த தரையில், சூடான நிலையில், அதைப்போல் பிடிப்பது வேறில்லை. ஒரு மழை பெய்தால் அதைப்போல் வழுக்குவதும் வேறில்லை.

பந்தய ஸ்பிரிங் கல்போல் விறைப்பானது. வழவழப்பான தடத்தில் காரை அசையாமல் பிடிக்கும். மேடு பள்ளமான தெருவில் சக்கரம் தரையை விட்டு எகிறும். எகிறிய சக்கரம் திரும்பவும் திரும்பாது, நிற்கவும் நிற்காது.

உயிரைக் காக்கும் இரும்புக் கூண்டுகூடத் தெருவில் எமனாகலாம். பந்தயக்காரன் தலைக்கவசம் போட்டிருக்கிறான். பெல்ட்டால் நாலு புறமும் இறுக்கிக் கட்டியிருக்கிறான். தெருவில் வெறுந்தலையோடு ஓட்டுகிறவனுக்கு, தலைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியே காயம் உண்டாக்கும்.

ஒவ்வொரு பொருளும் ஓர் இடத்துக்கென்று செய்தது. இடம் மாறினால் மருந்தே விஷம்.

1992இல் பெய்த மழை

இந்த உண்மையை உலகம் பார்க்கும்படி காட்டியது, மறுபடியும் அந்த பாதர்ஸ்ட் மலைதான்.

1991இல் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் என்ற இருவரும் ஜி.டி.ஆர். காரை ஓட்டி அங்கே ஜெயித்தார்கள். அந்தப் பெரும் பந்தயத்தில் ஜப்பானியக் கார் முதன் முதலாக ஜெயித்தது அப்போதுதான். மறு வருஷம் அந்தக் காருக்குக் கூடுதல் பாரம் ஏற்றினார்கள். டர்போவின் அழுத்தத்துக்கும் வரம்பு கட்டினார்கள். அப்படியும் அதுதான் முன்னால் ஓடியது.

மொத்தம் 161 சுற்று. இருபதுக்கும் குறைவான சுற்றுகளே பாக்கி. அப்போது மலை மீது மழை கொட்டியது. ரிச்சர்ட்ஸ் ஓட்டிய காரில் மொட்டை டயர்! கார் சுவரில் மோதியது. அடிபட்ட காரை மெல்ல ஓட்டி வந்தார். மலை இறக்கத்தில் ஒரு வளைவு. அங்கே ஏற்கனவே சில கார்கள் மோதிக் கிடந்தன. ஜி.டி.ஆர். வழுக்கிக்கொண்டே போய் அவற்றின் மீது விழுந்தது.

உலகின் தலைசிறந்த பந்தயக்காரர்களில் ஒருவர் ஓட்டினார். நான்கு சக்கரமும் இழுக்கும் கார். கைதேர்ந்த மெக்கானிக்குகள் செய்த வேலை. ஆனாலும் நாலு டயரும் அந்தத் தரைக்கு ஏற்றதாக இல்லை. அவ்வளவுதான், எல்லா வித்தையும் ஒரு மழைக்கு முன்னால் தோற்றது.

பந்தயத்தை நிறுத்தினார்கள். விதிப்படி, மோதலுக்கு முந்தைய சுற்றின் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். மோதிக் கிடந்த காரே ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது! கூட்டம் கூச்சல் போட்டது. பரிசு மேடையில் நின்ற ரிச்சர்ட்ஸின் மனமோ வேறிடத்தில் இருந்தது. அவருடைய நண்பரும், 1967இல் உலகச் சாம்பியனாக இருந்தவருமான நியூஸிலாந்துக்காரர் டெனி ஹல்ம், அன்று அதே பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்துவிட்டார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வழுக்கு வளைவில் காருக்கு மேல் கார் மோதியும் உயிர்ச்சேதம் இல்லை. ஏன்? கூண்டு இருந்தது, கவசம் இருந்தது, கொடி இருந்தது, உடனே பந்தயத்தை நிறுத்த ஆள் இருந்தது. அதே மோதல், அதே சாலையில், ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்திருந்தால்? எதிரே ஒரு குடும்பம் காரில் வந்திருந்தால்? கணக்கை முந்தைய சுற்றுக்குத் திருப்ப முடியுமா?

தெருவில் முந்தைய சுற்று கிடையாது.

செய்ய வேண்டியது என்ன?

காரைத் திருத்துவதே குற்றம் என்று சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. தான் ஓட்டும் எந்திரத்தைப் பிரித்து, புரிந்துகொண்டு, சரி செய்து மாட்டுகிற கைக்கு ஒரு மதிப்பு உண்டு. இன்று தெருவில் ஓடும் கார்களில் இருக்கும் தட்டு பிரேக்கும் டர்போவும் ஒரு காலத்தில் பந்தயத்தில் புடம் போடப்பட்டவையே.

ஜப்பானின் சட்டம் இந்த இடத்தில் நிதானமாக நடக்கிறது. அங்கே புதுக் கார் மூன்று வருஷத்திலும், அதன்பின் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும் அரசாங்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். காரின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 சென்டி மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். 1995இல் இந்த விதிகளைத் தளர்த்தி, பல வகைத் திருத்தங்களைச் சட்டத்துக்கு உட்பட்டே செய்துகொள்ள இடம் கொடுத்தார்கள். செய், ஆனால் காட்டு, சோதனையில் தேறு, பிறகு ஓட்டு. நியாயமான பேச்சு!

அதோடு வேகத்துக்கு ஓர் இடமும் அங்கே உண்டு. தோக்கியோவுக்கு வடக்கே ஸுகுபா என்ற பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று 2 கிலோ மீட்டரைவிடச் சிறிது அதிகம். திருத்திய கார்களைக் கொண்டுவந்து, ஒரு நிமிஷத்துக்குள் சுற்றிவிட வேண்டும் என்று பட்டறைக்காரர்கள் போட்டி போடுவார்கள். சாதாரண ஆட்களும் பணம் கட்டித் தங்கள் காரை ஓட்டலாம். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைத்தடம் 1927 முதலே பொதுஜனங்களுக்கும் திறந்திருக்கிறது. கட்டணம் கட்டி உள்ளே போகலாம்.

இப்படி இடம் இருந்தும், ஜப்பானில் பல வருஷங்கள் நள்ளிரவில் தோக்கியோ நெடுஞ்சாலையில் பந்தயம் விட்ட வாலிபர்கள் உண்டு. மணிக்கு 200 கிலோ மீட்டர் என்றால் ஒரு வினாடிக்கு 55 மீட்டர். முன்னால் லாரி ஓட்டிப் போகிறவருக்கு, பின்னால் வருவது இன்னதென்று தெரியாது. கண்ணாடியில் தூரத்து வெளிச்சம் தெரியும், திரும்புவார், அதற்குள் அது வந்துவிடும். அந்த லாரிக்காரர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தெருப் பந்தயத்தின் பாவம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே வரிசை இதுவாக இருக்கட்டும். முதலில், இருக்கிற காரைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வது. இரண்டாவது, பிரேக்கும் டயரும். மூன்றாவது, ஆயிலும் சூடும். நான்காவது, ஓட்டுகிறவனின் பயிற்சி. தடத்தில் தகுந்த ஆசிரியரோடு ஒரு நாள் ஓட்டுவது, பெரிய டர்போவைவிட அதிக வேகம் தரும். இவ்வளவும் ஆன பிறகும் பணம் மிச்சமிருந்தால், அப்போது எஞ்சினைத் தொடலாம்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. "எவ்வளவு குதிரை வேண்டும்?" என்று கேட்பது வியாபாரம். "எங்கே ஓட்டப் போகிறாய், தம்பி?" என்று கேட்பது தொழில் தர்மம். தடத்தில் என்று பதில் வந்தால் ஒரு வேலை. தெருவில் என்று வந்தால் வேறு வேலை. இரண்டிலும் என்று வந்தால், தெருவுக்கு ஆகாத எதையும் பொருத்தக் கூடாது. தடத்துக்கு வேண்டிய டயரையும் பேட்டையும் தனியே எடுத்துப்போய் அங்கே மாட்டிக்கொள்ளட்டும். மாலையில் கழற்றிவிட்டு வீடு திரும்பட்டும்.

அரசாங்கங்களுக்கும் இதில் வேலை உண்டு. தெருவில் வேகம் காட்டுகிறவனைப் பிடிப்பது அவசியம். அதோடு நின்றால் போதாது. வேகத்துக்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துப் பையனும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மைதானம் இல்லாத ஊரில்தான் பையன்கள் நடுத்தெருவில் பந்து விளையாடுவார்கள்.

ஜி.டி.ஆர். காருக்கு மட்டும் சொன்ன சேதி அல்ல இது. கோடி ரூபாய்க் கார் வைத்திருப்பவனுக்கும், பழைய மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி எறிகிறவனுக்கும் கணக்கு ஒன்றே.

பாதர்ஸ்ட் மலையில் பந்தயம் முடிந்ததும் தடுப்புகளை எடுத்துவிடுகிறார்கள். கொடிக்காரர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். 60 என்று எழுதிய பலகை மறுபடியும் உயிர் பெறுகிறது. முதல் நாள் பறந்த அதே வளைவில், மறுநாள் ஒரு தாய் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போகலாம். பந்தயக்காரரும் அந்த வழியாக வந்தால் 60க்குள் ஓட்டியே ஆக வேண்டும். ஜெயித்தவருக்கும் விலக்கு இல்லை.

காரைத் திருத்துகிற வாலிபர்கள் அந்தப் பலகையை மனத்தில் மாட்டிக்கொண்டால் போதும். எஞ்சினில் எத்தனை குதிரை வேண்டுமானாலும் இருக்கட்டும்!